முதலில் போல்ட்டைக் கேட்டவர்கள்

வெளிநாட்டுக்கு வீடு மாற்ற வேண்டி வந்தபோது மூன்று பேக்கிங் நிறுவனங்களை வீட்டுக்கு வரவழைத்தேன். முதல் இரண்டிலிருந்தும் வந்தவர்கள் டேப்பால் அளந்து, இத்தனை கன அடி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். மூன்றாவதாக வந்தவர் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, வாங்கினப்போ இதுலேர்ந்து கழட்டின போல்ட்டெல்லாம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். வேலையை அவர்களுக்கே கொடுத்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. முன்பக்கம் கதவுள்ள மெஷினில் டிரம் ஸ்பிரிங்கிலும், ஆட்டத்தை அடக்கும் டேம்பரிலும்தான் தொங்குகிறது. பயணத்தில் அது ஆடாமல் மெஷினின் உடம்போடு பிடித்து வைப்பவை அந்தப் போல்ட்டுகள். போன முறை வீடு மாறியபோது எனக்கும் தெரியாது, ஏற்றிய ஆட்களும் கேட்கவில்லை. போய் இறங்கி முதல் தடவை ஸ்பின் போட்டதும் இரும்பில் இரும்பு இடிக்கிற சத்தம். பழுது பார்க்கிற செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றார் மெக்கானிக். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின் அது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

இந்த முறை நான்கு போல்ட்டில் மூன்றுதான் வீட்டில் கிடைத்தது. அளவுக்குச் சரியான ஏதாவது ஒரு போல்ட்டைப் போட்டு முறுக்கியிருக்கலாம். போல்ட்டைக் கேட்டவர் அப்படிச் செய்யவில்லை. போல்ட்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் குழல் வரும், அதுதான் டிரம்மை இடைவெளி இல்லாமல் பிடிக்கும் என்று விளக்கினார். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய், இரண்டு நாளில் சரியானதையே தேடிக் கொண்டுவந்தார். அடியில் இருக்கும் ஃபில்டர் மூடியையும் அவரே திறந்தார். தண்ணீரெல்லாம் வடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அரை லிட்டருக்குக் குறையாமல் அழுக்குத் தண்ணீர் வந்தது. வாரக்கணக்கில் கப்பலில் அது உள்ளேயே கிடந்திருந்தால் நாற்றம் எப்படி இருந்திருக்கும்! ஹோஸ்களை உதறிக் காயவைத்து, துணியில் சுற்றி டிரம்முக்குள் வைத்தார்கள்.

ஃபிரிட்ஜ் எங்களோடு வரவில்லை, சேமிப்புக் கிடங்குக்குப் போனது. ஒரு நாள் முன்னதாகவே அணைத்து, பனியெல்லாம் உருகவிட்டுத் துடைத்து வைக்கச் சொன்னார்கள். பின்னால் கம்ப்ரசருக்கு மேலே தண்ணீர் சேரும் ஒரு தட்டு இருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை, அதையும் துடைத்தார்கள். ஆனால் அதன்பிறகு வந்த ஆள் கதவை இறுக்கி மூடி, மேலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக் ஃபிலிமைச் சுற்றிவிட்டார். தூசி போகாது என்றார். இருக்கிற கொஞ்ச ஈரமும் வெளியே போக வழியில்லாமல் பூஞ்சை பிடித்துவிடுமே என்று நான் விடவில்லை. கடைசியில் ஃபிலிமைப் பிரித்தார்கள், கதவு இடுக்கில் சுருட்டிய துண்டை வைத்தார்கள், பருத்திப் போர்வையால் மூடினார்கள். பத்து மாதம் கழித்துத் தங்கை போய்த் திறந்து பார்த்தாள். வாடையே இல்லை என்றாள். நான் பக்கத்தில் நிற்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் யோசித்துத்தான் இந்த இடத்தில் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன்.

இன்னொரு குறை பெரியது. போகிற நாட்டில் மின்சாரம் எப்படி என்று யாரும் கேட்கவே இல்லை. அங்கே 220 வோல்ட்தான், ஆனால் 60 ஹெர்ட்ஸ் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை சுற்று மாறி மாறி வருகிறது என்ற கணக்கு). எங்கள் மைக்ரோவேவ் அடுப்பின் பின்புறத்தில் 50 ஹெர்ட்ஸ் என்று மட்டுமே போட்டிருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கொள்ளலாம் என்றார் ஒருவர். அது வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. வாஷிங் மெஷினில் 50/60 என்று இருந்ததால் அதை மட்டும் அனுப்பிவிட்டு, மைக்ரோவேவைத் தங்கைக்குக் கொடுத்தேன். அனுப்புவதற்கு முன் அந்தச் சின்ன ஸ்டிக்கரை அவர்களே படித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

மரப்பெட்டி விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மரத்தோடு சேர்ந்து பூச்சியும் போய்விடாமல் இருக்க, உள்மரம் வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய மரம் என்பதற்கான முத்திரை பெட்டியில் இருந்தது. இது இல்லாவிட்டால் பல துறைமுகங்களில் சரக்கை நிறுத்திவிடுவார்கள். பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வருவதால் கண்டெய்னர் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். அதற்காக ஈரம் உறிஞ்சும் பைகளும் வைத்திருந்தார்கள்.

பெட்டி வந்து சேர்ந்தபோது இறக்கியவர்கள் வேறு ஆட்கள். போல்ட்டைக் கழற்றுவது அவர்கள் வேலை இல்லையாம். சரி என்று நானே ஸ்பேனரை எடுத்தேன். அதைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷினே குதிக்கும். முதல் ஸ்பின் முடிகிறவரை பக்கத்திலேயே நின்று காது கொடுத்துக் கேட்டேன். பழைய சத்தம்தான், மாற்றமே இல்லை. நான்கு போல்ட்டையும் ஒரு பையில் போட்டு, மெஷினின் பின்பக்கம் ஹோஸோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.