ஞாயிறு இதழுக்கு விற்ற கடிதங்கள்

முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு நாளிதழில் பிழைதிருத்துநராக இருந்தேன். தூக்குத் தண்டனைச் செய்தி ஒற்றைப் பத்தியில் அடங்கிவிடும். பெயர், ஊர், வயது சரியா என்று பார்த்து அச்சுக்கு அனுப்பிவிடுவேன். ஐரிஷ் எழுத்தாளர் பிரெண்டன் பீஹனின் 'தி குவேர் ஃபெல்லோ' நாடகத்தைச் சென்ற மாதம் படித்தபோது, அந்த ஒற்றைப் பத்திகளெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

டப்ளின் சிறையொன்றில் ஒருவனைத் தூக்கிலிடுவதற்கு முந்தைய பகல், இரவு, பிறகு விடியல். அவ்வளவுதான் கதை. சாகப்போகிறவனைச் சிறைப்பேச்சில் 'குவேர் ஃபெல்லோ' என்கிறார்கள். அவன் மேடைக்கு வருவதே இல்லை. மற்றவர்களின் வாயில்தான் இருக்கிறான். அவனுக்கு மன்னிப்புக் கிடைக்குமா என்று ஞாயிற்றுக்கிழமை பன்றிக்கறியைப் பந்தயம் கட்டுகிறார்கள். டன்லவின் என்ற கிழவரின் காலுக்கு வார்டர் குனிந்து ஸ்பிரிட் தேய்த்துக்கொண்டிருக்க, கிழவர் அந்தப் புட்டியையே எடுத்துக் குடிக்கிறார். வாய்விட்டுச் சிரித்தேன். கடைசி அங்கத்தில் தூக்கிலிடுபவர் கைதியின் எடையை வைத்துக் கயிற்றின் அளவைக் கணக்குப் போடுகிறார். பக்கத்தில் அவருடைய உதவியாளர் தேவப்பாடல் பாடுகிறார். அங்கே புத்தகத்தை மூடியவன் மறுநாள்தான் திறந்தேன்.

அயர்லாந்தின் தேசிய அரங்கான அபே மறுத்த இந்த நாடகம் 1954 நவம்பரில் டப்ளினின் பைக் என்ற சிற்றரங்கில் முதலில் நடந்தது. 1956 மே மாதம் ஜோன் லிட்டில்வுட் இதை லண்டன் ஸ்ட்ராட்ஃபோர்டில் மேடையேற்றினார். அந்த வார 'அப்சர்வர்' ஞாயிறு இதழில் நாடக விமர்சகர் கென்னத் டைனன், ஆங்கிலேயர் சொற்களைக் கஞ்சர்களாய்ப் பூட்டிவைக்கிறார்கள், ஐரிஷ்காரர்கள் மாலுமிகளாய் வாரி இறைக்கிறார்கள் என்னும் பொருளில் எழுதினார். அழகான வரி. ஆனால் பின்னால் வந்த பலரும் அதையே மேற்கோள் காட்டி நிறுத்திக்கொண்டது எனக்கு வருத்தம். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் பிரிட்டனின் காமன்ஸ் சபை தூக்கை ஒழிக்க வாக்களித்திருந்தது. ஜூலையில் பிரபுக்கள் சபை அதற்கான மசோதாவை நிராகரித்தது. இரண்டுக்கும் நடுவே மேடையில் நின்ற நாடகம் இது. சொல்வளத்துக்காக மட்டுமா இதைக் கொண்டாடுவது?

பிறகு பிபிசி தொலைக்காட்சியில் மால்கம் மக்கரிட்ஜ் பீஹனைப் பேட்டி கண்டார். பீஹன் நன்றாகக் குடித்திருந்தார். ஒரே இரவில் நாடெங்கும் தெரிந்தவரானார். நாடகமும் லண்டனின் பெரிய அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டுக்குப் போனது. கூட்டம் வந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் 1964இல், 41 வயதில் இறக்கும்வரை, பத்திரிகைகளுக்கு அவர் எழுத்தாளர் என்பதைவிடக் குடிகாரர் என்பதே நல்ல செய்தியாக இருந்தது. அந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் எனக்கு இது ஆறவில்லை.

வாங்கிப் படியுங்கள். டப்ளின் பேச்சு வழக்கு முதல் பத்துப் பக்கம் கடினமாக இருக்கும். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

கடைசிக் காட்சி கல்லறைக் குழியருகே நடக்கிறது. பதிவேட்டில் அவன் எண் 779. கல்லில் 777 என்று வெட்டுகிறார்கள், 9ஐவிட 7 வெட்டுவது எளிது என்பதால். அவனுடைய கடிதங்களைக் குழியில் போட்டுவிடும்படி கைதிகளிடம் கொடுக்கிறார்கள். அவர்கள் போடவில்லை. ஏதாவது ஞாயிறு இதழ் நல்ல விலை கொடுக்கும் என்று தங்களுக்குள் பங்கு பிரிக்கிறார்கள்.

எங்கள் ஞாயிறு மலருக்கும் ஒருமுறை அப்படியொரு கடிதம் வந்தது. தூக்குக்கு முந்தைய இரவு ஒருவன் தாய்க்கு எழுதியது. ஒற்றுப்பிழைகளைத் திருத்தி அனுப்பினேன்.