63/37-ஆ 60/40-ஆ? மோட்டார் கார்டுக்கு எந்த லெட் நல்லது

ஜூன் மாசம் குறுவை வேலை தொடங்கிட்டா மன்னார்குடி சுத்துப்பட்டு ஊர்லேருந்து பம்புசெட் ஸ்டார்ட்டர் கார்டு (மோட்டாரை ஓட்டி நிறுத்துற சர்க்யூட் போர்டு) வரிசையா வரும், பாதிக்கு மேல காம்பொனன்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கும், பத்தவெச்ச இடம்தான் விட்டிருக்கும். அதனால லெட், அதாவது பத்தவெக்கிற ஈயக் கம்பி விஷயத்துல எனக்கு ரொம்ப அக்கறை. அது வெள்ளீயமும் காரீயமும் கலந்தது, 63/37ன்னா வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு.

வெள்ளீயம் தனியா 232 டிகிரில உருகும், காரீயம் 327ல. கலந்தா ரெண்டுக்கும் நடுவுல வரும்னுதானே நெனப்போம்? வராது, 63/37 அளவுல கலந்தா ரெண்டுக்கும் கீழ இறங்கி 183க்கு வந்துரும்.

கடையில சாதாரணமா குடுக்குறது 60/40. அதுல காரீயம் ஒரு துளி கூட, அதனால ஆறும்போது 190 கிட்டயே காரீயம் முதல்ல மணி மணியா உறைய ஆரம்பிக்கும், மீதி 183 வரைக்கும் தண்ணியாவே நிக்கும், அந்த நேரத்துல கை ஆடிச்சுன்னா ஜாயின்ட் மங்கிப் போயி உள்ளுக்குள்ள விரிசல் விட்டுரும், அப்புறம் கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விடுற சுவிட்ச்) அடிக்கிற அதிர்வுல பத்து நாள் தாங்குறதே பெருசு. 63/37ல இந்தக் கூழ் நிலையே கிடையாது, 183ல உருகி 183லயே சட்டுனு இறுகும். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனா கார்டுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன், அதுவும் புதுசா கத்துக்கிற பசங்களுக்குக் கட்டாயம் இதுதான்.

கூழா இருக்குறது எல்லா இடத்துலயும் கெடுதல் இல்ல. பழைய டிராக்டரோட பித்தளை ரேடியேட்டர் ஒழுகுனா 50/50 எடுங்க, இழுத்துப் பூசி அடைக்க வசதியா இருக்கும்.

லெட் ஃப்ரீன்னு, அதாவது காரீயம் இல்லாம வர்றதுல ஒரு வகை, வெள்ளீயத்தோட 0.7 சதம் செம்பு, 227ல உருகும். உடம்புக்குக் கெடுதல் கம்மி, ஆனா 25 வாட் சால்டரிங் அயன் வெச்சுப் பழைய கார்டுல தேய்ச்சுக்கிட்டே இருந்தா பேட் (போர்டுல ஒட்டியிருக்கிற செம்புப் பொட்டு) பெயர்ந்து வந்துரும்.

வெள்ளீயத்தோட பிஸ்மத்ங்கிற உலோகம் கலந்தது 138லயே உருகும், அதனால காம்பொனன்ட் கழட்டுறதுக்கு சுகம். ஆனா பழைய காரீய ஜாயின்ட் மேல அதை வெச்சுராதீங்க, வெள்ளீயம், காரீயம், பிஸ்மத் மூணும் சேர்ந்தா 96 டிகிரிலயே இளகுற கலவை உருவாகும், சூடாகுற ரெசிஸ்டர் பக்கத்துல அது நிக்காது.

இன்னொண்ணு, கும்பகோணம் ஈயச்சொம்பு ஓட்டையாயிருச்சுன்னு சிலபேர் எடுத்துட்டு வர்றாங்க. அது வெள்ளீயம், நம்ம லெட்டுல காரீயம் இருக்கு, ரசத்துப் புளிப்புல கரைஞ்சு வயித்துக்குள்ள போகும். எவ்வளவு கேட்டாலும் நான் வெக்க மாட்டேன், சுத்த வெள்ளீயத்துல அடைக்கத் தெரிஞ்ச பாத்திரக்காரர்கிட்ட கொண்டு போங்க.