குதிகால் அறுவைக்குப் பின் புண் ஆற: ஆக்சிஜன் சேம்பரா, வேக்யூம் டிரெஸ்ஸிங்கா, பொறுமையா?

ஏற்காட்டுத் தோட்டங்களில் மிளகு பறிக்கும்போது சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணி சறுக்கினால், ஆள் பெரும்பாலும் நின்றவாக்கில்தான் தரையில் இறங்குவார். கீழே சேலத்தில் கட்டடச் சாரத்திலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுபவருக்கும் இதே நிலைதான். உடம்பின் எடை முழுக்கக் குதிகால் எலும்பில் இறங்கி, அது நொறுங்கிப்போகிறது. பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து எலும்பைச் சேர்ப்பது பாதி வேலை. மேலே தைத்த தோல் ஆறுவது மீதிப் பாதி. பல நேரம் அந்தப் பாதிதான் மருத்துவரையும் வீட்டாரையும் அலைக்கழிக்கிறது.

தையல் ஓரம் கறுத்துக் கசிய ஆரம்பித்ததும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள்: "ஆக்சிஜன் சேம்பர்ல படுக்க வெச்சா சீக்கிரம் ஆறுமாமே?" சிலருக்கு ஆறும். பலருக்கு அது தேவைப்படாது. வேறு சிலருக்கு அதைவிட அவசரமான வேலை காத்திருக்கும். பணத்தைக் கட்டும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் புண் ஆறாததற்குக் காரணம் ஆக்சிஜன் பற்றாக்குறையா, வேறு ஏதாவதா?

புண் ஏன் அந்த மூலையில் திறக்கிறது

குதிகாலின் வெளிப்பக்கத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை கிடையாது. பெரிய அறுவையில் அங்கே 'ட' எழுத்துப் போல வெட்டி, தோலை முழுத் தடிமனோடு எலும்பிலிருந்து மேலே தூக்குவார்கள். அந்த 'ட'வின் மூலைக்கு ரத்தம் வருவது பெரோனியல் தமனியின் ஒரு சிறு கிளையிலிருந்து. அந்தக் கிளை நசுங்கினாலோ, வீக்கம் வடியும் முன் வெட்டினாலோ, தூக்கிய தோலைக் கருவியால் முரட்டுத்தனமாக இழுத்துப் பிடித்தாலோ, முதலில் சாவது மூலைதான். முதல் சில நாள்களில் ஊதா நிறம், பிறகு கறுத்துக் காய்ந்த பொருக்கு அல்லது கசியும் பிளவு என்று அது வெளியே தெரியும்.

அதனால்தான் விழுந்த அன்றே அறுவை செய்யாமல், காலை உயர்த்தி வைத்து, தோலில் சுருக்கம் விழும் வரை 7 முதல் 14 நாள் காத்திருக்கிறார்கள். 3 வாரம் தாண்டினால் எலும்பு கோணலாகவே ஒட்டத் தொடங்கிவிடும் என்பதால் அந்த இடைவெளி சிறியது. முறிவு அனுமதித்தால், சைனஸ் டார்ஸை என்ற சின்ன வெட்டு வழியாகச் செய்யும் அறுவையில் புண் தொல்லை கணிசமாகக் குறைகிறது. இந்தச் சின்ன வெட்டு எனக்குச் சரிப்படுமா என்பதுதான், சேம்பரைப் பற்றி விசாரிக்கும் முன்பே, அறுவைக்கு முன்னால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

ஆக்சிஜன் சேம்பர்: உள்ளே என்ன நடக்கிறது

நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றில், 100 மி.லி. ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 0.3 மி.லி.தான், மற்றதை ஹீமோகுளோபின் சுமக்கிறது. சேம்பருக்குள் 3 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜன் சுவாசித்தால் கரைந்த அளவு 6 மி.லி. வரை ஏறும். ஓய்விலிருக்கும் திசுவுக்கு அதுவே கிட்டத்தட்டப் போதும். புண் சிகிச்சைக்கு வழக்கமாக 2 முதல் 2.5 மடங்கு அழுத்தம், 90 நிமிடம், நடுநடுவே 5 நிமிடம் சாதாரணக் காற்று. வாரம் 5 அல்லது 6 நாள், மொத்தம் 20 முதல் 40 அமர்வு. நசுங்கிய காயத்துக்கு முதல் சில நாள் தினமும் இரண்டு முறை கொடுப்பதும் உண்டு. ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குவதால் வீக்கம் குறைகிறது, வெள்ளணுக்களுக்குக் கிருமியைக் கொல்லும் தெம்பு கூடுகிறது, புதிய நுண்குழாய்கள் முளைக்கின்றன.

ஆதாரம் எவ்வளவு? பிரான்ஸில் நடந்து 1996இல் வெளியான ஆய்வில், கை கால் நசுங்கி அறுவை செய்துகொண்ட 36 பேரில் பாதிப் பேருக்கு 2.5 மடங்கு அழுத்தத்தில் தினம் இருமுறை 6 நாள் கொடுத்தார்கள். அந்த 18 பேரில் 17 பேருக்குப் புண் முழுதாக ஆறியது. ஒப்பீட்டுக்காகப் போலி சிகிச்சை பெற்ற 18 பேரில் 10 பேருக்கு. நல்ல விளைவு, ஆனால் சிறிய ஆய்வு. அதில் இருந்தவை நசுங்கிய காயங்கள், வெறும் தையல் கசிவு அல்ல. ஆகவே குதிகாலிலும் சேம்பர் நியாயமாவது, தோல் மூலை ஊதாவாகி உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்கும்போது, அதுவும் முதல் சில நாள்களுக்குள். பொருக்குக் கட்டிச் செத்த தோலை எந்த அழுத்தமும் உயிர்ப்பிக்காது.

இதை ஊகிக்க வேண்டியதில்லை. தோல்மேல் ஒட்டும் சென்சார் வைத்து ஆக்சிஜன் அளவைப் பார்க்கலாம். புண் ஓரத்தில் 40 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் ஆக்சிஜன் குறைவு. சேம்பருக்குள் அதே இடத்தில் 200ஐத் தாண்டினால் சிகிச்சை பலிக்க நல்ல வாய்ப்பு. உள்ளே போயும் அளவு ஏறவில்லையென்றால் ரத்தம் போகிற பாதையே அடைபட்டிருக்கிறது. டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்த்து ரத்தக்குழாய் மருத்துவரிடம் போக வேண்டும். இந்தச் சோதனையோ, குறைந்தபட்சம் காலின் நாடித்துடிப்பைப் பார்ப்பதோ இல்லாமல் நேராக 30 அமர்வுப் 'பேக்கேஜ்' சொல்லும் இடத்தை நாங்கள் நம்பமாட்டோம்.

சேம்பருக்குள் நுழையும் முன்

உயரத்திலிருந்து விழுந்தவருக்கு விலா எலும்பும் முறிந்து, நுரையீரலுக்கு வெளியே காற்றுச் சேர்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் சேம்பரில் ஏற்றினால், அழுத்தம் இறங்கும்போது அந்தக் காற்று விரிந்து உயிருக்கே ஆபத்து. மார்பு எக்ஸ்ரே பார்க்காமல் ஏறவே கூடாது. பிளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்து எடுத்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், நுரையீரல் நோயாளிகள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

அதிகம் வரும் தொல்லை காதில்தான். ஏற்காட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதே காது அடைக்கும். சேம்பரில் ஏறும் அழுத்தம் அதைப்போல் சுமார் பத்து மடங்கு, அதுவும் 10, 15 நிமிடத்துக்குள். சளி பிடித்திருந்தால் அன்றைய அமர்வைத் தள்ளிப்போடுவதே நல்லது. எச்சில் விழுங்கியும் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதியும் காதைத் திறக்க முன்பே பழகிக்கொள்ள வேண்டும். வலித்தால் உடனே கையைக் காட்ட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாது.

அடுத்தது தீ. அந்த அளவு ஆக்சிஜனில் ஒரு பொறி போதும். முழுப் பருத்தி உடை மட்டுமே அணியலாம். பட்டு, நைலான், செல்போன், லைட்டர் எதுவும் உள்ளே போகக் கூடாது. நம் ஊரில் தவறுவது எண்ணெயில்தான். காலையில் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துப் பின்னிவிட்டு வருவார்கள். சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசிவிட்டுத்தான் ஏற வேண்டும். புண் மேலிருக்கும், எண்ணெய்ப் பசையுள்ள பாரஃபின் காஸும் அப்படித்தான். அதை எடுத்துவிட்டு சலைனில் நனைத்த காஸ் வைக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு உள்ளே சுகர் இறங்கும். ஒவ்வொரு முறையும் ஏறுமுன் விரலில் குத்திப் பார்த்து, 120க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே ஏற வேண்டும். நிறைய அமர்வுக்குப் பின் சிலருக்குத் தூரத்துப் பார்வை மங்கும். பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பிவிடும். அதற்குள் புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம்.

பெயரில் மட்டும் சேம்பர்

காற்றடைத்த பைபோல் விரியும் மென்சேம்பர்கள் 1.3 மடங்கு அழுத்தத்தில் சாதாரணக் காற்றைத்தான் தருகின்றன. கணக்குப் போட்டால், தரையில் 27% ஆக்சிஜன் சுவாசிப்பதற்குச் சமம். ஒரு சாதாரண மாஸ்க் அதைவிட அதிகம் கொடுக்கும். அறுவைப் புண்ணுக்காக இதில் பணம் போட வேண்டாம். போகும் இடத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை மடங்கு அழுத்தம்? சுவாசிப்பது தூய ஆக்சிஜனா?

வீட்டில் கான்சன்ட்ரேட்டர் வைத்து மூக்கில் குழாய் போடுவதும் இப்படித்தான். ஹீமோகுளோபினில் ஏற்கெனவே ஆக்சிஜன் நிறைந்திருப்பவருக்கு அது புண்ணுக்குக் கொண்டுபோவது சொற்பம். மாஸ்க் ஆக்சிஜன் பயன்படும் நேரம் வேறு. அமெரிக்காவில் குதிகால், முழங்கால், கணுக்கால் பக்கத்து மோசமான முறிவுகள் உள்ள 1,200க்கும் மேற்பட்டோரிடம் பார்த்தார்கள். அறுவையின்போதும் முடிந்து 2 மணி நேரம் வரையும் 80% ஆக்சிஜன் பெற்றவர்களில் 7% பேருக்கும், 30% பெற்றவர்களில் 10.7% பேருக்கும் தொற்று வந்தது. குறைந்தவை மேலோட்டமான தொற்றுகள். ஆழமான தொற்று குறையவில்லை. இதற்குத் தனி இயந்திரமோ தனிச் செலவோ வேண்டாம், மயக்க மருத்துவர் நினைத்தால் போதும்.

காலை மட்டும் பையில் நுழைத்து ஆக்சிஜன் விடும் முறைக்கு, நாள்பட்ட சர்க்கரைப் புண்ணில் நல்ல ஆய்வு இருக்கிறது. எலும்பு முறிவு அறுவைப் புண்ணுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

வேக்யூம் டிரெஸ்ஸிங்

புண் திறந்து நீர் வடிகிறது, ஓரத் தோல் சிவப்பாக உயிரோடு இருக்கிறது என்றால் எங்கள் ஓட்டு இதற்குத்தான். ஸ்பாஞ்சைப் புண்ணின் அளவுக்கு வெட்டி, மேலே பிலிம் ஒட்டி, 125 மி.மீ. பாதரச அளவில் உறிஞ்ச விடுவார்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். செத்த திசுவை வெட்டி எடுத்த பிறகே வைக்க வேண்டும். கறுத்த பொருக்கின் மேல் வைப்பது வீண். வைத்த ஸ்பாஞ்ச் துண்டுகளை எண்ணிப் பிலிம் மேல் எழுதிவைத்தால், எடுக்கும்போது ஒன்று உள்ளேயே தங்கிவிடாது.

குதிகாலின் வளைவில் பிலிம் அடிக்கடி காற்று விடும். தோலை நன்றாக உலர்த்திவிட்டு, மடிப்புகளில் இதற்கான மருத்துவப் பேஸ்ட் பூசி ஒட்டினால் நிற்கும். கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்து 2 மணி நேரத்துக்கு மேல் உறிஞ்சல் நின்றிருந்தால், ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுச் சாதாரண டிரெஸ்ஸிங் போட வேண்டும். தேங்கிய நீர் கிருமிக்கு விருந்து. டப்பாவில் திடீரென்று சிவப்பு ரத்தம் நிறைந்தால் இயந்திரத்தை நிறுத்தி, அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

தைத்த புண்ணின் மேல் முன்னெச்சரிக்கையாக வைப்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. குதிகாலையும் சேர்த்து 2012இல் வந்த அமெரிக்க ஆய்வில் தொற்று ஏறக்குறைய பாதியானது. பிரிட்டனில் 1,548 பேரிடம் நடந்து 2020இல் வந்த ஆய்வில் 30 நாளில் ஆழத் தொற்று வேக்யூமில் 5.84%, சாதாரண டிரெஸ்ஸிங்கில் 6.68%, பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. எல்லாருக்கும் வேண்டாம், வீக்கம் அதிகமுள்ள குதிகாலுக்கு வைக்கலாம் என்பது எங்கள் கருத்து. சேம்பருக்குப் போகும் நாளில் இதன் இயந்திரத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும்.

பொறுமை என்ற சிகிச்சை

தையல் ஓரத்தில் விரல் நக அளவுக் காய்ந்த பொருக்கு, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. இந்த நிலைக்குச் சேம்பரும் வேண்டாம், வேக்யூமும் வேண்டாம். தையலை 3 வாரம் வரை விட்டுவைப்பது, கணுக்கால் அசைவை நிறுத்துவது, பாதத்தை இதயத்துக்கு மேல் உயர்த்துவது, பொருக்கைப் பிய்க்காமல் இருப்பது: இவ்வளவுதான். சாப்பாட்டில் உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான் என்பதால் பருப்பு, தயிர், மீன், கொண்டைக்கடலை எல்லாம் சேர்ந்தால்தான் எட்டும்.

பீடி, சிகரெட்டை நிறுத்தாமல் சேம்பருக்குப் போவது பணத்தை எரிப்பது. ஒரு சிகரெட் குடித்தாலே திசுவில் ஆக்சிஜன் இறங்கி, மீள ஒரு மணி நேரம் போலாகிறது. நாளுக்குப் பத்துக் குடிப்பவரின் புண் பகலில் பெரும்பகுதி மூச்சுத் திணறலில்தான் இருக்கும்.

பிளேட் வெளியே தெரிந்தால்

வெள்ளி நிறத்தில் உலோகம் தெரிந்தாலோ, புண்ணில் விட்ட கருவி எலும்பைத் தொட்டாலோ மேலே சொன்ன எதுவும் தனியாகப் போதாது. பிளாஸ்டிக் சர்ஜன் கெண்டைக்காலின் பின்புறத் தோலைத் திருப்பியோ, கீழ்க்காலின் வெளிப்பக்கத்துப் பெரோனியஸ் பிரெவிஸ் தசையைக் கொண்டோ மூட வேண்டும். எலும்பு சேரும் வரை பிளேட்டைக் காப்பாற்ற முயல்வார்கள், சேர்ந்துவிட்டால் எடுத்துவிடுவார்கள். மூடிய பிறகு, இப்படித் திருப்பி வைத்த திசுவின் ஓரம் ஊதாவானால், அங்கே சேம்பருக்கு மீண்டும் நல்ல இடம் உண்டு. சேம்பரில் நாலு வாரம் பார்த்துவிட்டு அப்புறம் சர்ஜனிடம் போகலாம் என்று தள்ளிப்போடுவதுதான் கால் எலும்பில் சீழ் வைக்கும் வழி.

மலையிலிருந்து வருபவர்களுக்கு

தினமும் ஏற்காட்டிலிருந்து இறங்கி ஏறி 20 அமர்வு முடிப்பது நடக்கிற காரியம்தான், ஆனால் காலைத் தொங்கவிட்டு உட்காரும் நேரம் அவ்வளவும் வீக்கமாகத் திரும்பும். சேம்பர் குறைத்த வீக்கத்தைப் பஸ் சீட் திருப்பிக் கொடுத்துவிடும். முடிந்தவர்கள் அந்த வாரங்களில் சிகிச்சை நடக்கும் ஊரிலேயே தங்குங்கள். முடியாதவர்கள் காரின் பின்சீட்டில் நீளவாக்கில் உட்கார்ந்து, கால் கீழே இரண்டு தலையணை வைத்து வாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுபவர்கள், எந்தச் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வரும் என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சேம்பர் தொடங்கினால் பத்தாவது அமர்வில் நிறுத்தி, முதல் நாள் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோவோடு புண்ணை ஒப்பிடச் சொல்லுங்கள். அளவு சுருங்கவில்லை, அடியில் சிவந்த சதை முளைக்கவில்லை என்றால் மீதி அமர்வுக்குப் பணம் கட்டாமல் சர்ஜனிடம் திரும்புங்கள்.