பைலைத் தட்டிப் பார்ப்பதா, குழாய் வைத்துப் பார்ப்பதா?

கட்டடத்தைத் தாங்க நிலத்தில் துளை போட்டு வார்க்கும் அடித்தளத் தூணான கான்கிரீட் பைல் 20 மீட்டர் ஆழத்தில் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. பக்கவாட்டு மண் சரிந்து நடுவில் ஒடுங்கியிருக்கலாம். கான்கிரீட்டைத் துளையின் அடிவரை இறக்கும் ட்ரெமி குழாயை அவசரமாக உருவியதில் சேறு புகுந்திருக்கலாம்.

நம் சைட்டுகளில் அதிகம் நடப்பது சுத்தியல் சோதனைதான். பைல் தலையை நல்ல கான்கிரீட் தெரியும்வரை செதுக்கி, சென்சாரை ஒட்டி, கைச்சுத்தியலால் தட்டுவார்கள். தட்டியதில் எழும் அலை கான்கிரீட்டில் வினாடிக்குச் சுமார் 4000 மீட்டர் ஓடும். 20 மீட்டர் பைலில் போய்வர 10 மில்லிவினாடி. அதற்கு முன்பே எதிரொலி வந்தால் நடுவில் ஏதோ கோளாறு இருக்கக்கூடும். முன்னேற்பாடு எதுவும் வேண்டாம், செலவும் குறைவு, ஒரே நாளில் நிறைய பைல்களை முடித்துவிடலாம்.

ஆனால் அந்த 4000 என்பது நாம் வைத்துக்கொள்ளும் கணக்கு. உண்மையான வேகம் 3600 என்றால், 18 மீட்டரே இருக்கும் பைலும் 20 மீட்டர் என்றே காட்டும்! நீளம் விட்டத்தைப் போல 30 மடங்கை நெருங்கினால், அடியிலிருந்து வரும் எதிரொலி பெரும்பாலும் வழியிலேயே மங்கிவிடும். ஒரு பெரிய பழுதுக்குக் கீழே இன்னொன்று இருந்தால் அதுவும் சரியாகத் தெரியாது.

கிராஸ்ஹோல் சோதனை இந்த இடத்தில்தான் கைகொடுக்கும். கம்பிக் கூண்டோடு கட்டிய குழாய்களில் தண்ணீர் நிரப்பி, ஒன்றில் ஒலியை அனுப்பும் கருவி, மற்றொன்றில் வாங்கும் கருவி என இறக்கி, அடியிலிருந்து சேர்த்து இழுத்து வருவார்கள். ஒலி தாமதமானால் எந்த ஆழம், எந்த இரு குழாய்களுக்கு நடுவே என்று சொல்லிவிடலாம். நீளம் இதற்குத் தடையே இல்லை. கூண்டுக்கு வெளியே உள்ள கவர் கான்கிரீட்டை மட்டும் இது பார்க்காது. பிவிசி குழாய் கான்கிரீட்டிலிருந்து விலகிப் பொய்யான பழுதைக் காட்டும் என்பதால் இரும்புக் குழாயே நல்லது.

கவரும் தெரிய வேண்டுமானால் வெப்பச் சோதனை உண்டு. சிமென்ட் இறுகும்போது எழும் சூட்டை அளப்பது. வார்த்த முதல் ஓரிரு நாட்களுக்குள் அளந்தாக வேண்டும்.

சரி, எதை எடுப்பது? 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள பைல்கள் நூறு இருக்கும் அடுக்குமாடிக்கு, அத்தனையையும் தட்டிப் பாருங்கள். அறிக்கையில் 'நன்று' என்ற சொல்லோடு நிற்காமல் ஒவ்வொரு பைலின் அலைக்கோட்டையும் கேட்டு வாங்குங்கள். ஒரே பெரிய பைல் தூணைச் சுமக்கும் பாலம் என்றால், யோசிக்காமல் குழாய் வைக்கும் கிராஸ்ஹோல் சோதனை. செலவைக் குறைக்க அதை வெட்டுவது எனக்கு உடன்பாடில்லை. கூண்டு இறங்கிய பிறகு குழாய் வைக்க முடியாது. சந்தேகம் வந்தால் பைலைத் துளைத்து கோர், அதாவது கான்கிரீட் மாதிரித் துண்டு, எடுக்க வேண்டும், அதுவோ துளைத்த இடத்தை மட்டுமே காட்டும்.