கார்லிக் ப்ரெஸ் வாங்கலாமா வேண்டாமா

ரெண்டு கைப்பிடி, நடுவுல ஓட்டை போட்ட ஒரு குட்டிக் கிண்ணம், அவ்ளோதாங்க பூண்டு நசுக்குற இந்த சாமான். நான் வாங்கினது முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கையில கனக்கும், ஆனா அந்த கனம் வேணும், லேசான அலுமினியத்துல வர்றது பெரிய பல்லா ரெண்டு வச்சு அமுக்கினா வளைஞ்சு குடுக்குது.

வேலைல குறை சொல்ல முடியாது. ஒரே அமுக்கு, பூண்டு நூல் நூலா வெளிய வருது, ஓட்டை மேல ஒட்டிக்கிட்டு நிக்கிறதை கத்தி முதுகால வழிச்சுக்கணும். ஒண்ணு கவனிங்க, கத்தியில நறுக்குறதை விட இதுல காரம் தூக்கலா இருக்கும். பூண்டுக்குள்ள அல்லியின்னு (alliin) ஒரு பொருளும் அலினேஸ்னு ஒரு என்சைமும் தனித்தனியா கிடக்கு, நசுங்கும்போதுதான் ரெண்டும் கலந்து அல்லிசின் ஆகுது, அந்த நெடியே அதுதான். அதனால பச்சையா சேர்க்கிற ஐட்டத்துக்கு பாதி அளவு போதும், இல்லன்னா நாக்கு எரியும். சமைக்கிறதுக்குன்னா நசுக்கிட்டு ஒரு 10 நிமிஷம் விட்டு போடுங்க, ஏன்னா சூடு பட்டா அந்த என்சைம் வேலை செய்யாது. தீயும் கம்மியா இருக்கணும், இவ்ளோ பொடியா இருக்கிறது சட்டுனு கருகி கசந்துடும்.

பாக்ஸ்ல "தோல் உரிக்க வேண்டாம்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். வைக்கலாம், நசுங்கும், ஆனா தோலோட பாதி சதையும் உள்ளயே மாட்டிக்குது, ஒவ்வொரு தடவையும் சுரண்டி எடுக்கிற நேரத்துக்கு உரிச்சே போட்டிருக்கலாம். கழுவுறதும் உடனே கழுவிடணும், காய விட்டீங்கன்னா ஓட்டைக்கு ஓட்டை குச்சி வச்சு குத்திக்கிட்டு உக்காரணும்.

ஈஸியா இருக்கேன்னு மொத்தமா நசுக்கி எண்ணெயில போட்டு வெளிய வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். காத்து படாத எண்ணெய்க்குள்ள பொட்டுலிசம் கிருமி வளரலாம், வாசனைல தெரியவே தெரியாது, ஆளையே கொல்ற விஷம் அது. ஃப்ரீசர்ல வைங்க.

உள்ள தங்குற சக்கையை தண்ணில ஊறவச்சு வடிகட்டி செடிக்கு அடிக்கிறேன், அசுவினிப் பூச்சி கொஞ்சம் கட்டுப்படுற மாதிரி இருக்கு, மத்தபடி பெரிய அதிசயம்லாம் இல்ல. ப்ரெஸ்ல சிக்காத பொடிப் பல்லையெல்லாம் முனை மேல பாக்குற மாதிரி தொட்டில ஊனிடுறேன், பச்சைத் தாள் வருது, நறுக்கிப் போட அதுவும் நல்லாதான் இருக்கு.

5க்கு 4 குடுப்பேன். மணிக்கட்டு வலி இருக்கிறவங்க கைப்பிடி நீளமா இருக்கிற மாடலா பாத்து எடுங்க, குட்டையா இருந்தா அமுக்கவே முடியாது.