மேப் புத்தகத்தில் கட்டம் தப்பினால்: ஃப்ரேம் கட்டமா, பாலிகன் கட்டமா?

மேப் புத்தகத்தின் கடைசியில் உள்ள பட்டியலில் ‘ஸ்டேஷன் ரோடு – 14, சி3’ என்று இருக்கிறது. 14ஆம் பக்கத்தைத் திறந்து, மேலே சி, ஓரத்தில் 3 என்று பிடித்துக்கொண்டு வந்தால் அந்தக் கட்டத்தில் ரோடு இல்லை, பக்கத்துக் கட்டத்தில் இருக்கிறது. இரண்டு முறை இப்படி ஏமாந்தவர் அந்தப் பட்டியலை மறுபடி நம்ப மாட்டார். வரைபடம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், இடம் தேடத்தான் அவர் அந்தப் புத்தகத்தை எடுத்தார்.

இதைச் சரிசெய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நேராக செட்டிங்குகளுக்குள் போய்விடுகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் கட்டம் பக்கத்தோடு ஒட்டியிருக்கிறதா, தரையோடு ஒட்டியிருக்கிறதா? லேஅவுட்டில் (அச்சுப் பக்கத்தை அமைக்கும் இடம்) மேப் ஃப்ரேமின், அதாவது வரைபடம் உட்காரும் சட்டத்தின் மேல் மென்பொருளே வரைந்து தருவது ஃப்ரேம் கட்டம். தனி லேயராக (தரவு அடுக்காக), ஒவ்வொரு கட்டமும் ஒரு பாலிகனாக (மூடிய வடிவமாக), விவரங்கள் ஏறும் அட்ரிபியூட் டேபிளோடு இருப்பது பாலிகன் கட்டம். அச்சில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கோளாறு வரும் விதமும், அதைத் தீர்க்கும் வழியும் முற்றிலும் வேறு. பின்னால் பட்டியல் வரப்போகிற புத்தகம் என்றால் பாலிகன் கட்டம்தான் என்பது என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன்.

ஃப்ரேம் கட்டம்

இதன் பலம் வேகம். ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ என்ற வரைபட மென்பொருளில் மேப் ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்து ‘ரெஃபரன்ஸ் கிரிட்’ சேர்த்து, எத்தனை வரிசை, எத்தனை நெடுவரிசை என்று சொன்னால் வேலை முடிந்தது. மேப் சீரிஸில் (ஒரே லேஅவுட்டிலிருந்து பல பக்கங்களை உண்டாக்கும் வசதி) எந்தப் பக்கம் போனாலும் அதே இடத்தில் அதே கட்டம் நிற்கும். எழுத்தும் எண்ணும் கட்டத்தின் நடுவுக்கு நேராக, ஃப்ரேமுக்கு வெளியே வந்து உட்காரும். கண்ணால் பார்த்து ‘மேல் வலது மூலையில்’ என்று பேசிக்கொள்ள மட்டும் கட்டம் வேண்டும் என்றால் இதைத் தாண்டி யோசிக்க வேண்டாம்.

இன்னொரு வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் கதை வேறு. அங்கே மேப் ஐட்டத்தின் (மேப் ஃப்ரேமுக்கு அங்கே அதுதான் பெயர்) கிரிட் என்பது அடிப்படையில் ஆயத்தொலைவுக் கோடுகள். இடைவெளியை 500 மீட்டர் என்று மேப் யூனிட்டில் கொடுத்தால், கோடுகள் 500-இன் மடங்குகளில் விழும். பக்கத்தின் ஓரத்திலிருந்து தொடங்காது. பக்கத்தின் இடது ஓரம் 4,83,260-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கோடு 4,83,500-இல், அதாவது ஓரத்திலிருந்து 240 மீட்டர் உள்ளே வரும். ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் ஒரு அரைகுறைக் கட்டம் வருவதற்கு இதுதான் காரணம். எக்ஸ் ஆஃப்செட்டை 260 ஆக்கினால் கோடு ஓரத்தில் வந்து நிற்கும். ஆனால் அடுத்த பக்கத்தில் அந்த மீதி வேறாக இருக்கலாம். அதனால் ஆஃப்செட்டை எண்ணாக அடிக்காமல், நடப்பு அட்லஸ் பாலிகனின் (அட்லஸ் என்பது கியூஜிஐஎஸ்ஸின் மேப் சீரிஸ், அதில் ஒவ்வொரு பக்கத்தின் பரப்பும் ஒரு பாலிகன்) இடது ஓர மதிப்பை 500-ஆல் வகுத்தால் வரும் மீதி என்று எக்ஸ்பிரஷனாக, அதாவது சூத்திரமாகக் கொடுக்க வேண்டும். ஒய் திசைக்குக் கீழ் ஓரத்தை வைத்து இதையே செய்யுங்கள்.

லேபிளும் சிக்கல்தான். கியூஜிஐஎஸ் எழுத்தைக் கோட்டுக்கு நேராகப் போடும், கட்டத்தின் நடுவில் போடாது. அதனால் ‘சி’ என்பது கோட்டுக்கு இடதுபக்கக் கட்டமா, வலதுபக்கக் கட்டமா என்று படிப்பவர் குழம்புவார். அதே மேப்பில் இரண்டாவதாக ஒரு கிரிட் சேர்த்து, அதை அரைக் கட்டம் தள்ளி, கோடுகளே தெரியாமல் ஃப்ரேமும் லேபிளும் மட்டும் வரும் வகைக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும். முதல் கிரிட் கோடுகளுக்கு, இரண்டாவது எழுத்துகளுக்கு. லேபிளுக்கு இயல்பாகக் கிடைக்கும் மதிப்பு 1, 2, 3 என்ற வரிசை எண் இல்லை, ஆயத்தொலைவு. அதிலிருந்து பக்கத்தின் இடது ஓரத்தைக் கழித்து, 500-ஆல் வகுத்து, வரும் எண்ணை (0.5, 1.5 என்று வரும்) அடுத்த முழு எண்ணாக்கி எழுத்தாக மாற்ற வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்தாலும் ஃப்ரேம் கட்டத்தில் ஒரு குறை தீராது. சி3 என்பது அங்கே ஒரு படம் மட்டுமே. அதற்கு டேபிளில் ஒரு வரி இல்லை. ஒரு ரோடு எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று மென்பொருளிடம் கேட்க வழியில்லை. பட்டியலைக் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான், தவறுகள் நுழைவதும் அங்கேதான். அப்புறம் ஒரு பக்கத்தின் எல்லையைச் சற்று நகர்த்தினால், அந்தப் பக்கத்துக்கான பதிவுகள் மொத்தமும் சத்தமில்லாமல் பொய்யாகிவிடும்.

பாலிகன் கட்டம்

இங்கே தொடக்க வேலை அதிகம், ஆனால் ஒரே முறைதான். முதலில் கணக்கு. மேப் ஃப்ரேம் 200 மில்லிமீட்டர் அகலம், 250 மில்லிமீட்டர் உயரம், ஸ்கேல் 1:10,000 என்றால் தரையில் ஒரு பக்கம் 2,000 மீட்டருக்கு 2,500 மீட்டர். அதை 4 நெடுவரிசை, 5 வரிசையாகப் பிரித்தால் 500 மீட்டர் சதுரங்கள் கச்சிதமாக வரும். பக்கப் பாலிகன்கள் ஒரு லேயர், 500 மீட்டர் சதுரங்கள் இன்னொரு லேயர், இரண்டுக்கும் ஒரே தொடக்கப் புள்ளி. ஆர்க்ஜிஐஎஸ்ஸின் ‘கிரிட் இண்டெக்ஸ் ஃபீச்சர்ஸ்’ கருவியில் காகித அளவையும் ஸ்கேலையும் கொடுத்தால் பக்க அளவை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். தரவு உள்ள இடங்களுக்கு மட்டும் பக்கம் உண்டாக்கவும் அதில் வழி இருக்கிறது. கியூஜிஐஎஸ்ஸின் ‘கிரியேட் கிரிட்’ கருவியில் இந்தப் பெருக்கலை நாம்தான் செய்ய வேண்டும்.

பக்க எண்ணில் இரண்டு மென்பொருளும் பிரிகின்றன. ஆர்க்ஜிஐஎஸ் கருவி பக்கப் பெயர், பக்க எண் என இரண்டு புலங்களைத் தானே நிரப்பித் தரும். இயல்பாக மேல் இடது மூலையிலிருந்து எண்ணும். தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணச் சொல்லும் பெட்டியை டிக் செய்திருந்தால் கீழ் இடதிலிருந்து எண்ணும். ‘என் புத்தகம் தலைகீழாக ஓடுகிறது’ என்று புலம்புகிறவர் முதலில் அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டும். கியூஜிஐஎஸ் கருவி எண்களை நெடுவரிசையாக, மேலிருந்து கீழாகப் போடும். 1ஆம் பக்கத்துக்கு வலப்பக்கம் 2 இருக்கும் என்று நினைத்தால், அது கீழே இருக்கும். கட்டத்தின் மேல் ஓர, இடது ஓர மதிப்புகள் டேபிளிலேயே இருப்பதால், வரிசைப்படி செல்லும் பக்க எண்ணை ஃபீல்ட் கால்குலேட்டரில் உண்டாக்கி, அட்லஸை அந்தப் புலத்தால் வரிசைப்படுத்துங்கள். பக்கப் பெயரால் வரிசைப்படுத்த வேண்டாம். பெயர் என்பது எழுத்துச் சரம், அதனால் ஏ1-க்கு அடுத்து ஏ10, ஏ11 என்று போய், ஏ2 எங்கேயோ பின்னால் வரும்.

இனி, தொடக்கத்தில் பார்த்த ‘ஒரு கட்டம் தள்ளிக் கிடக்கும்’ கோளாறு. பாலிகன் கட்டத்திலும் இது வரும். சதுரங்களைப் பக்கங்களோடு ஸ்பேஷியல் ஜாயின் (இருக்கும் இடத்தை வைத்து இணைத்தல்) செய்யும்போது ‘இன்டர்செக்ட்’ என்ற உறவைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாலும் இதன் மூலம். ஓரம் தொட்டுக்கொண்டிருந்தாலே அது இன்டர்செக்ட்தான். எனவே பக்கத்தின் எல்லையை ஒட்டிய சதுரம் பக்கத்துப் பக்கத்துக்கும் சொந்தமாகிவிடும், எது முதலில் வந்ததோ அதன் எண் ஏறிக்கொள்ளும். சதுரத்தின் நடுப்புள்ளி எந்தப் பக்கத்துக்குள் விழுகிறது என்று பார்த்து இணைத்தால் இந்தக் குழப்பமே வராது. ரோடுகளுக்கு நடுப்புள்ளி உதவாது. நீளமான ரோடு பல சதுரங்களில் ஓடும். ரோடுகளைச் சதுரங்களால் வெட்டி, வெட்டிய துண்டுகளின் நீளத்தை அளந்து, 20 மீட்டருக்குக் குறைவானவற்றைத் தள்ளிவிட்டு மீதியைப் பட்டியலில் ஏற்றுங்கள். ஆனால் மொத்தமே அவ்வளவு குட்டியான சந்துகள் இந்த வடிகட்டலில் காணாமல் போகும், அவற்றைத் தனியே சேர்த்துவிடுங்கள்.

நெடுவரிசை எழுத்துகளில் ஆங்கிலத்தின் ஐ, ஓ இரண்டையும் விட்டுவிடுவது நல்ல வழக்கம். அச்சில் அவை 1, 0 போலத் தெரியும். எம்ஜிஆர்எஸ் என்ற ராணுவக் கட்ட முறையிலும் இந்த இரண்டு எழுத்துகள் கிடையாது.

கியூஜிஐஎஸ் அட்லஸில் இன்னொரு பொறி, ஃபீச்சரைச் சுற்றிய மார்ஜின். அது 10% என்றால் நம் 2,000 மீட்டர் அகலம் 2,200 ஆகும், ஸ்கேல் 1:11,000-க்குப் போய்விடும், இருபுறமும் 100 மீட்டர் வீதம் அடுத்த பக்கத்தின் சதுரங்கள் எட்டிப்பார்க்கும். அவற்றின் லேபிள்களும் சேர்ந்து வந்தால் ஒரே பக்கத்தில் இரண்டு ஏ1 தெரியலாம். ஸ்கேலை 1:10,000 என்று நிலையாக வையுங்கள். ஓரத்தில் கொஞ்சம் கூடுதல் பகுதி வேண்டும்தான் என்றால், சதுரத்தின் பக்க எண்ணும் நடப்பு அட்லஸ் பக்கமும் ஒன்றாக இருந்தால் மட்டும் வரை என்று ஒரு விதி போடுங்கள். ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவில் அதே வேலையை லேயரின் பேஜ் குவெரி செய்யும்.

ப்ரொஜெக்ஷன்

கட்டம் சாய்ந்து தெரிந்தாலோ, பக்கத்தை நிரப்பாமல் ஓரத்தில் பட்டை விழுந்தாலோ ஸ்டைலைத் தொடாதீர்கள். கட்டம் உண்டான ப்ரொஜெக்ஷனும் (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறை) மேப் ஃப்ரேமின் ப்ரொஜெக்ஷனும் வேறாக இருக்கும். இரண்டையும் ஒரே மீட்டர் அளவிலான ப்ரொஜெக்ஷனுக்குக் கொண்டுவந்து, கட்டத்தை மறுபடி உண்டாக்குங்கள். இணைய வரைபடங்களின் வெப் மெர்கேட்டரில் கட்டம் போடுவது கண்ணுக்குத் தெரியாத பிழை. அட்சரேகை 60 டிகிரியில் அங்கே 500 மீட்டர் என்று வரையும் சதுரம் தரையில் சுமார் 250 மீட்டர்தான். 45 டிகிரியில் ஏறக்குறைய 354. கட்டம் நேராகத்தான் நிற்கும், ஆனால் அதை நம்பி தூரம் சொன்னால் தப்பு.

‘நீங்கள் இங்கே’ காட்டும் சிறு மேப்

மூலையில் இருக்கும் லொகேட்டர் மேப்பிலும் இதே போட்டி உண்டு. ஆர்க்ஜிஐஎஸ்ஸில் எக்ஸ்டென்ட் இண்டிகேட்டர், கியூஜிஐஎஸ்ஸில் ஓவர்வியூ: இரண்டும் முதன்மை மேப்பின் எல்லையைப் பெட்டியாகக் காட்டும். மற்ற வழி, பக்கப் பாலிகன் லேயரையே சிறு மேப்பில் போட்டு, நடப்புப் பக்கத்துக்கு மட்டும் நிறம் ஏற்றுவது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பக்கத்துப் பக்கங்களின் எண்களும் கூடவே தெரிவதால், அடுத்து எங்கே புரட்டுவது என்று படிப்பவருக்கு உடனே புரியும். பெட்டி முறையில் மார்ஜினும் சேர்ந்து பெட்டி பெரிதாகத் தெரியும்.

சிறு மேப்பும் பக்கத்துக்குப் பக்கம் ஜூம் ஆனால், அதிலும் ‘அட்லஸ் கட்டுப்பாட்டில்’ என்ற பெட்டி டிக் ஆகியிருக்கிறது, எடுத்துவிடுங்கள். நிறமே வரவில்லை என்றால் அட்லஸ் அமைப்பில் கவரேஜ் லேயரை, அதாவது பக்கப் பாலிகன் லேயரை மறைக்கும் பெட்டியைப் பாருங்கள். அது முதன்மை மேப்பில் மட்டுமல்ல, எல்லா மேப்பிலும் மறைத்துவிடும். லேயரை நகலெடுத்து, நகலைச் சிறு மேப்புக்கு வைத்தால் தீர்ந்தது.

ஃப்ரேம் கட்டம் ஜெயிக்கும் இடம்

ஆறு, நெடுஞ்சாலை, குழாய்ப் பாதை போன்றவற்றைப் பின்தொடரும் பட்டை மேப்புகளில் ஒவ்வொரு பக்கமும் வேறு கோணத்தில் திரும்பியிருக்கும். வடக்கு–தெற்காக வரைந்த சதுரங்கள் அங்கே பக்கத்துக்குப் பக்கம் வேறு சாய்வில் கிடந்து படிப்பவரைக் களைப்பாக்கும். ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவின் ரெஃபரன்ஸ் கிரிட்டோ, கியூஜிஐஎஸ்ஸில் மில்லிமீட்டரில் இடைவெளி கொடுத்த கிரிட்டோ பக்கத்தோடு நேராக நிற்கும். பட்டியலும் வேண்டுமென்றால் ஒவ்வொரு பட்டைப் பாலிகனையும் அதன் கோணத்திலேயே சதுரங்களாக வெட்ட வேண்டியிருக்கும். நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் முடியும்.

எந்த வழியில் போனாலும் முழுப் புத்தகத்தையும் ஏற்றுமதி செய்வதற்கு முன் முதல் பக்கம், ஒரு வரிசை முடிந்து அடுத்தது தொடங்கும் இரண்டு பக்கங்கள், கடைசிப் பக்கம் ஆகியவற்றை மட்டும் பிடிஎஃப் ஆக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மூலைச் சதுரங்களில் ஒரு ரோட்டைத் தேர்ந்தெடுத்து, பட்டியலிலிருந்து மேப்புக்கும், மேப்பிலிருந்து பட்டியலுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். எண் வரிசை, ஓரத்துச் சதுரம், மார்ஜின் மூன்றில் எது தப்பியிருந்தாலும் அந்த மூலைகளில் தெரிந்துவிடும்.