ஆப்பிள் கேக்: துருவிப் போடுவதா, நறுக்கிப் போடுவதா?

துருவிப் போட்டால் ஆப்பிள் மாவோடு கலந்து கேக் முழுக்க ஈரமாக இருக்கும், மறுநாளும் காயாது, ஆனால் சாறு நிறைய விடுவதால் பாலையோ தயிரையோ குறைக்காவிட்டால் நடுப்பகுதி வேகாமல் களி மாதிரி நின்றுவிடும். நறுக்கிப் போட்டால் கதையே வேறு. ஒவ்வொரு வாய்க்கும் புளிப்பும் இனிப்புமாக ஒரு துண்டு கடிபடும். அதற்கு கிரானி ஸ்மித் என்கிற பச்சை ஆப்பிள்தான் சரி, சூட்டில் அவ்வளவாகக் குழையாது. துண்டுகள் 1 செ.மீ. இருந்தால் போதும், பெரிதானால் அடியில் போய்த் தங்கிவிடும். என் ஓட்டு நறுக்கியதற்குத்தான், அதிலும் பாதித் துண்டுகளை மேலே பரப்பி, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி 175 டிகிரியில் வைத்தால் மேல்புறம் அருமையாக மொறுமொறுக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் மட்டும் துருவுங்கள், துருவலை லேசாகப் பிழிந்துவிட்டு.